நிமிர்ந்து இருங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய முகத்தை ஊரே நின்று பார்ப்பது அவர் செத்த பிறகுதான். சந்திச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, உதயன் பத்திரிகையின் மரண அறிவித்தல், 31ஆம் நாள் கிரியைக்குப் போனவர்களின் கையில் தரும் கல்வெட்டு, இந்த மூன்றிலும் முதலில் கண்ணில் படுவது படம். (கல்வெட்டு என்பது இறந்தவரின் வரலாறு, புலம்பல் பாக்கள், தேவாரம் எல்லாம் சேர்த்து அச்சடிக்கும் சிறு புத்தகம். நூலகம் நிறுவனம் இவற்றையும் தேடிச் சேர்த்து மின்னூலாக்கி வைத்திருக்கிறது. ஒரு ஊரின் சரித்திரத்தையே அவற்றை வைத்து எழுதிவிடலாம்.)

நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரங்களில் அந்தச் சுவர்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். பெரும்பாலானவை எதிலிருந்தோ வெட்டி எடுத்தவை. ஒரு பெரியவரின் தோளில் வேறு யாரோ ஒருவரின் விரல்கள் மட்டும் மிச்சமாக இருக்கும். கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து பிரித்திருப்பார்கள். இன்னொருவரின் அடையாள அட்டைப் படத்தை இழுத்துப் பெருப்பித்ததில் கண்ணும் மூக்கும் கரைந்து போயிருக்கும். வாழ்நாளில் ஒருநாளும் கோட்டுப் போடாத தோட்டக்காரருக்குக் கணினியில் கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டி, பின்னால் நீல மேகம் விட்டிருப்பார்கள். எண்பது வருடம் எங்களோடு இருந்த மனிதருக்கு நேராக இருந்து எடுத்த படம் ஒன்று இல்லை.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஓய்வுபெறக் கிட்ட, ரொறன்ரோவில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது தான் பாவித்த கமராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்றும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் கூட இருந்தன. அப்போது என் ஆசை என்ன என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சுருக்கம் விழுந்த முகம், புகை, சுருட்டு, கண்ணில் ஒரு சோகம். போட்டிகளில் பரிசு வாங்கும் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வெளிநாட்டுச் சொந்தக்காரரும் அப்படிப்பட்ட படத்தைக் கண்டால்தான் 'ஊர் அப்படியே கிடக்கு' என்று உருகுவார்கள். ஆனால் ஒருவரிடம் போய் 'உங்களை ஒரு படம் எடுக்கட்டோ' என்று கேட்க எனக்கு வெட்கம். அதனால் தூரத்தில் நின்று, ஆள் திரும்பாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவர் எங்கள் பக்கத்து வளவு ஆச்சி. ஒடியலுக்குக் கிழங்கு கிழித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தவரை வேலிப் பொட்டுக்குள்ளால் எடுத்தேன். கமராவின் சத்தம் காட்டிக் கொடுத்துவிட்டது.

"ஏன் பிள்ளை, கிழிஞ்ச சட்டையோட குந்தியிருக்கிறதையே எடுக்கிறாய்? உது ஆருக்குக் காட்ட? எடுக்கிறதெண்டா கல்வெட்டுக்குப் போடக்கூடியதா ஒண்டு எடு. நில், சீலை மாத்திக்கொண்டு வாறன்."

மாத்திக்கொண்டு வந்தார். அரக்குக் கரை வைத்த சீலை, தோடு, நெற்றி நிறையத் திருநீறு. விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, "ம், எடு" என்று லென்ஸை நேரே பார்த்தார். எனக்குக் கை ஓடவில்லை. இத்தனை நாளும் புகையும் சுளகும் வேலியும் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது நான் ஒருத்தியே செய்யவேண்டியிருந்தது.

படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் புத்தி ஒன்று உண்டு: ஆளுக்குத் தெரியாமல் எடு, அப்போதுதான் இயல்பு வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலையில் மூழ்கியிருப்பவரைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் படத்தின் பாதிப் பாரத்தைச் சூழல் சுமக்கும். வெளிச்சம் பிசகினாலும் பார்ப்பவர் கண் வலையிலோ மீன்கூடையிலோ நின்றுவிடும். பிசகைக்கூட இயல்பு என்று சொல்லித் தப்பலாம். உடுத்திக்கொண்டு வந்து, இருந்து, உங்களையே பார்க்கிற முகத்தில் தப்ப வழியில்லை. எங்கே தவறியது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். கல்வெட்டுக்கு எடுக்கும் 'விறைத்த' படத்தைப் பழைய பாணி என்று சிரிக்கிற இளம் படப்பிடிப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஒரு கதிரையும் ஒரு வெள்ளைச் சுவரும் கொடுத்து, ஒரு ஆச்சியை இருத்திவிட்டுப் பார்க்கவேண்டும்.

மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்ரூடியோ திறந்த படப்பிடிப்பாளர் செய்டூ கெய்ற்றாவின் படங்களைப் பிறகு தேடிப் பார்த்தேன். அவரிடம் வந்த எல்லாருமே உடுத்திக்கொண்டு வந்தவர்கள், ஆயத்தமாக இருந்தவர்கள், கமராவைப் பார்த்தவர்கள். பெரும்பாலும் முற்றத்துப் பகல் வெளிச்சத்தில்தான் எடுத்தார். பின்திரைக்குத் தன் கட்டில் விரிப்பையே தொங்கவிட்டார். சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றினார். எந்த விரிப்பு தெரிகிறது என்பதை வைத்தே பிற்காலத்தில் படங்களுக்கு ஆண்டு குறிக்க முடிந்தது. படத்தகட்டின் விலை காரணமாக ஒருவருக்கு ஒரு முறைதான் அழுத்துவார். இன்றைக்கு அந்தப் படங்கள் பாரிஸிலும் நியூயோர்க்கிலும் தொங்குகின்றன. எடுத்த நாளில் அவை தையற்காரரும் எழுதுவினைஞரும் காசு கொடுத்து வாங்கிப் போன வீட்டுப் படங்கள்.

ஆச்சிக்கு வருகிறேன். அன்றைக்கு எடுத்தவற்றில் அவருடைய முகத்தின் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் கரி. மூக்கு பெரிது. தோட்டுக்குப் பின்னால் மின்கம்பி ஒன்று காதுக்குள் நுழைந்திருந்தது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது.

மூக்குக் கணக்கு எனக்குச் சுலபம், படிப்பித்த பாடம். முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. கமரா மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் நின்றால் காது 52 செ.மீ. தூரத்தில் நிற்கும், மூக்கு காதைவிட முப்பது வீதம் பெருத்து விழும். 2 மீற்றர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் ஆறு வீதத்துக்கு இறங்கிவிடும். லென்ஸைக் குற்றம் சொல்வார்கள், தூரம்தான் காரணம். போனில் எடுப்பவர்கள் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நீட்டுவதை விட்டு, மூன்று எட்டுப் பின்னால் போய், இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். என் 50 மி.மீ. லென்ஸ் இந்தக் கமராவில் முழுச்சட்டக் கமராவின் 75 மி.மீ. போல நடந்துகொள்கிறது. மார்பளவு படத்துக்கு அதுவே என்னைத் தள்ளி நிற்கவைத்துவிடும்.

அந்த லென்ஸில் வேறொரு பொறி உண்டு. எஃப் 1.8இல் திறந்து ஒன்றரை மீற்றரில் நின்றால் துல்லியமாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. ஒரு கண் கூராக இருக்கும், மறுகண் பஞ்சாகிவிடும். பின்புலம் கலங்கித் தெரிகிற மயக்கத்தில் புதியவர்கள் எல்லாரும் முழுக்கத் திறந்தே எடுப்போம். எஃப் 4க்கு மூடினால் அந்த ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் வரும். எங்கே கூராக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோயிலில் விக்கிரகத்துக்குக் கண் திறக்கிற சிற்பி எல்லா வேலையும் முடிந்த பிறகு உளியைக் கொண்டுபோகிற இடம் அது. கமராவுக்குக் கிட்ட இருக்கும் கண்.

வெளிச்சத்தைக் காட்டித் தந்தவர், பருத்தித்துறைப் பக்கம் முன்னொரு காலம் ஸ்ரூடியோ நடத்திய முதியவர் ஒருவர். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்தபோது அவருடைய விளக்குகளும் பிளாஷும் மூலைக்குப் போயின. சனத்துக்குப் படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டைக்கு, கடவுச்சீட்டுக்கு, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்ப. அவர் கூரையின் வடக்குப் பக்கத்தில் சில ஓடுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்தாராம். வடக்கு வெளிச்சம் மென்மையானது, நேர் வெயில் விழாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் குளிர்நாட்டில் எழுதியவை. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு 9.7 பாகை வடக்கே மட்டும் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரை மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் அவருடைய கண்ணாடி ஓட்டுக்கால் வெயில் கொட்டும். அப்போது உள்ளே வெள்ளைச் சீலை ஒன்றை இழுத்துக் கட்டுவார்.

நான் என் படங்களைக் காட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றையே கனநேரம் பார்த்தார்.

"ரீச்சர், நீங்கள் முகத்தைப் பாக்கிறியள். முகத்தைப் பாக்காதேங்கோ. மூக்கின்ர நிழல் எங்கை விழுகுதெண்டு பாருங்கோ. அது சரியான இடத்தில கிடந்தா மிச்சமெல்லாம் தானா வரும்."

இதற்குமேல் அவர் விளக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருமகளை விறாந்தையில் இருத்தி, கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரக்கி அரக்கிப் பார்த்தேன். வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்தால் மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசை போல நீண்டு, கண்குழி இரண்டும் கறுத்துவிடும். பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நிழல் கன்னத்துக்குக் குறுக்கே ஓடி முகத்தை இரண்டாகப் பிளக்கும். சற்று மேலிருந்தும் சற்றுப் பக்கத்திலிருந்தும் வரும்போது நிழல் குட்டியாக, மூக்குக்கும் வாய் மூலைக்கும் நடுவே இறங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளி எழும்பும். அது எழும்பாத முகம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் உயிரில்லாமல் தெரியும்.

எங்கள் வீடுகளைக் கட்டியவர்கள் படம் எடுப்பதை நினைத்துக் கட்டவில்லை. ஆனாலும் ஓட்டுத் தாழ்வாரம் இறங்கிய பழைய விறாந்தையைவிட நல்ல ஸ்ரூடியோ எனக்குக் கிடைக்கவில்லை. தாழ்வாரம் உச்சி வெளிச்சத்தை வெட்டிவிடும். முற்றத்து மணல் வெயிலை வாங்கி மெதுவாக உள்ளே எறியும். கதிரையை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே போட்டு, ஆளை முற்றத்தைப் பார்க்க இருத்தி, பிறகு உடம்பை மட்டும் சுவர்ப் பக்கம் சற்றுத் திருப்பச் சொல்லவேண்டும். இன்னும் உள்ளே தள்ளினால் முகத்தின் மறுபக்கம் இருளும். ஆண்களுக்குச் சில வேளை அது பொருந்தும். நாற்சார் வீடு என்றால் சொல்லத் தேவையில்லை, நடுமுற்றமே பெரிய யன்னல். சீமெந்துத் தகடு போட்ட இன்றைய வீடுகளில் வாசல் கதவைத் திறந்து, அதற்கு எதிரே இருத்தி, வீட்டு விளக்கை அணைத்துவிடுவேன். மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் ஒரே முகத்தில் கலந்தால் எந்த நிறமும் சரிவராது.

மர நிழலை எல்லாரும் நம்புவார்கள். வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினால் முகமெல்லாம் வெயில் பொட்டு. வாழைத் தோட்டத்தில் நிறுத்தினால் கழுத்துக்குக் கீழே பச்சை பூசியது போல வரும். வீட்டுச் சுவரின் நிழல் எவ்வளவோ மேல்.

மதிய வெயிலோடு எங்களுக்கு இருக்கும் பிணக்கு வருடத்தில் இரண்டு முறை உச்சத்துக்கு வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறையும், ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி ஒருமுறையும் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும். ஊர் முழுக்கப் புது உடுப்புப் போட்டுப் படம் எடுக்கும் நாட்களும் அவைதான்! நல்லூரில் கோயிலுக்குள் படம் எடுக்க முடியாது. வெளிவீதியில் குடும்பமாக நின்று எடுப்பார்கள், கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழியோடு. ஆனால் அந்த வீதி மணல் ஒரு உதவி செய்யும். நிழலில் நிற்பவருக்கு முன்னால் வெயில் பட்ட மணல் கிடந்தால் கீழிருந்து வெளிச்சம் எழும்பிக் கண்குழியை நிரப்பும். மணல் இல்லாத இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து ஒரு பிள்ளையைப் பிடிக்கச் சொன்னால் அதே வேலை நடக்கும். மணற்காட்டில் இது அளவுக்கு மீறிப்போகும். அங்கே மணல் மேட்டின் வெண்மை நாடிக்குக் கீழே அடித்து முகத்தைப் பேய்ப்படத்து முகமாக்கிவிடும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போவதே புத்தி.

இனி நிறம். இதில்தான் எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கமராவின் ஒளிமானிக்கு உலகம் முழுவதும் நடுச் சாம்பல். வெள்ளைச் சீலையோ வேட்டியோ சட்டத்தை நிரப்பினால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கும்; முதலில் பலியாவது கறுத்த முகம். பின்னால் கறுத்த கதவு இருந்தால் எதிர்மாறாக நடந்து முகம் வெளிறும். வெள்ளைச் சீருடை போட்ட எங்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட இதைப் பழக வேறு நல்ல இடம் கிடையாது. பெற்றோரிடமும் அதிபரிடமும் கேட்டு, பரிசளிப்பு விழாவுக்கு அவர்களை எடுத்தபோது படித்தேன். அளவைப் புள்ளி முறைக்கு மாற்றி, கன்னத்தில் வைத்து அளப்பேன். கறுத்த கன்னத்தில் அளந்தால் கமரா அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் கொஞ்சம் குறைத்துவிடுவேன். மாநிறக் கன்னம் என்றால் அப்படியே விடுவேன். கறுத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெளிச்சம் வழுக்கி ஓடும் கோடு. பெரிய, மென்மையான வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால்தான் அது தெரியும். பிளாஷை நேரே அடித்தால் எண்ணெய் வழிந்தது போல ஆகிவிடும்.

வரலாறும் எங்களுக்குச் சாதகமாக இருக்கவில்லை. 1950கள் முதல் படச்சாலைகள் நிறத்தைச் சரிபார்க்க கொடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கபில நிறங்களைக் கொடாக் திருத்தத் தொடங்கியதற்கு, மரத் தளபாடமும் சொக்கலேற்றும் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் முறையிட்டதும் ஒரு காரணம் என்று அங்கே வேலை செய்தவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் முறையிட்டு நடக்காதது சொக்கலேற்றுக்கு நடந்திருக்கிறது.

இன்றைக்கு அட்டை இல்லை, ஆனால் அந்த வேலையை நாங்களே செய்கிறோம். சாமத்திய வீட்டு அல்பத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை வேறு நிறம். ஆச்சியின் படத்தை அச்சடிக்கக் கொடுத்த இடத்தில் இருந்த தம்பி மிகவும் அன்பாகக் கேட்டான்: "கொஞ்சம் வெள்ளையாக்கி விடட்டோ ரீச்சர்? காசு இல்லை." வேண்டாம் என்றேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. "அவை கேப்பினம் ரீச்சர், எல்லாரும் கேக்கிறவை" என்றான். அவன் சொன்னதும் உண்மை. கேட்கிறார்கள். எனக்கு ஒரு விதி இருக்கிறது. பரு, காயம், கண்ணில் பீளை போன்ற ஒரு கிழமையில் போகக்கூடியதை அழிப்பேன். மச்சம், தழும்பு, நிறம், சுருக்கம் போன்ற கூடவே இருப்பதைத் தொடமாட்டேன். ஆச்சி மட்டும் இதில் ஒரு விலக்கு வாங்கினார்: "சுருக்கம் கிடக்கட்டும். அந்தக் கரண்ட் வயரை எடுத்துவிடு." அதை எடுத்தேன்.

பெயர் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கிரட் கமரன் மூலம் வந்தது, ஆனால் அவரைப் பின்பற்றி வந்ததல்ல. 1863 முடிவில் மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசளித்தபோது அவருக்கு 48 வயது. என்னைப்போல நடுவயதில் தொடங்கியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். டார்வின், டெனிசன், ஹேர்ஷல் எல்லாரும் அவர் முன்னால் நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்திருக்கிறார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்தார்கள். களுத்துறையில் இருந்தபோது ஊர்ச் சனத்தையும் தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் எடுத்தார். அந்தப் படங்கள் சிலவே மிஞ்சியிருக்கின்றன, பலவற்றில் நேராக, கம்பீரமாக நிற்கும் மனிதர். ஆனால் இங்கிலாந்தில் எடுத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. களுத்துறையில் எடுத்த ஊர்ச் சனத்துக்கு இல்லை. ஒரு படத்தில் பெண்பிள்ளைக்கு 12 வயது என்றும், கிழவர் தனக்கு நூறு என்று சொல்கிறார் என்றும் குறித்திருக்கிறார். வயதைக் கேட்டவருக்குப் பெயரைக் கேட்க எவ்வளவு நேரம் போயிருக்கும்? நான் ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் பென்சிலால் பெயரும் ஊரும் திகதியும் எழுதுகிறேன். மை சில வருடத்தில் முன்பக்கத்துக்கு ஊறக்கூடும், பென்சில் நிற்கும்.

கை, தோள், நாடி பற்றிப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம்தான். ஆள் இருக்கும் உயரத்துக்கு நானும் இருக்கவேண்டும். மேலே நின்று பார்த்தால் கெஞ்சுகிற முகமாக வரும். நாடியைச் சற்று முன்னே நீட்டிக் கொஞ்சம் பதித்தால் கழுத்துத் தோல் இழுபடும். கையில் எதையாவது கொடுக்கவேண்டும், சால்வை நுனியாவது.

சிரிக்கச் சொல்வதில்லை. எங்கள் பெரியவர்கள் படத்துக்குச் சிரிப்பதில்லை; சிரித்தால் குடும்பத்துக்கே மரியாதைக் குறைவு என்று நினைத்த தலைமுறை. அந்த இறுக்கத்தை முதலில் உடைக்கப் பார்த்தேன். பேச்சுக் கொடுத்து, பகிடி விட்டு. ஆள் சிரிப்பார், படமும் நன்றாக வரும், ஆனால் பிள்ளைகள் பார்த்துவிட்டு 'அப்பா இப்பிடி இல்லை' என்பார்கள். இப்போது வேறு விதமாகக் கதைக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள், தோட்டத்தில் இந்தமுறை என்ன வெங்காயம், மகன் எப்போது வருவான் என்று பதிலுக்கு யோசிக்கவைக்கும் கேள்விகள். யோசித்து முடித்து, சொல்லத் தொடங்குமுன் ஒரு கணம் வாய் மூடியிருக்கும், கண் வேலை செய்துகொண்டிருக்கும். அங்கே அழுத்துவேன்.

இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். நான் பிறந்த வீடு கோண்டாவிலில். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பி மழைக்குள் எழும்பி நடந்தபோது எங்கள் வீட்டிலிருந்து உறுதிகளும் சான்றிதழ்களும் கொஞ்சம் அரிசியும் வந்தன. அல்பம் பாரம் என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார் அப்பா. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. அம்மம்மாவின் முகம் இன்று என் நினைவில் மட்டும் இருக்கிறது. என் மகளுக்கு அதைக் காட்ட வழியில்லை. எங்கள் பகுதியில் இப்படிச் சொல்லாத வீடு குறைவு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரம் இருந்து போராடத் தொடங்கியபோது அவர்கள் கையில் பிடித்திருந்தவை அடையாள அட்டைப் படங்களும், கூட்டப் படங்களிலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகங்களும். மானிடவியலாளர் விந்தியா புத்பிட்டிய இந்தப் படங்களையும் வடக்கின் ஸ்ரூடியோக்களையும் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த வீதியோரத்தில் ஒரு படத்துக்கு முன்னால் நான் நின்றபோது வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள் தலை வாரி, சட்டை மாற்றி, சைக்கிளில் ஸ்ரூடியோவுக்குப் போய், யாரோ ஒருவர் 'நிமிர்ந்து இருங்கோ' என்று சொல்ல நிமிர்ந்திருக்கிறான். அதனால்தான் தாயிடம் இந்த முகமாவது இருக்கிறது என்று பட்டது.

ஆகவே அச்சடித்துக் கொடுப்பதை நான் ஒருநாளும் கடத்துவதில்லை. போனில் அனுப்பினால் போன் பழுதாகும் நாளில் அதுவும் போகும். 4ஆர் அளவில் இரண்டு பிரதி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேறு ஊரில் இருக்கும் யாராவது சொந்தக்காரருக்கு. அச்சடித்துப் பார்ப்பதால் எனக்கும் லாபம். திரையில் பளிச்சென்று தெரிந்தது தாளில் மங்கி வரும்போதுதான் என் அளவு எங்கே பிசகியது என்று விளங்கும். ஆச்சி தன் பிரதியைக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எங்கட அம்மா மாதிரிக் கிடக்கு" என்றார். அது பாராட்டா முறைப்பாடா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பொலித்தீன் பையில் சுற்றி, கூறைச் சீலையும் காணி உறுதியும் இருக்கும் ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு ஊரில் செய்தி பரவியது. "ரீச்சர் கல்வெட்டுப் படம் எடுக்கிறாவாம்." வெட்கம் போன இடம் தெரியவில்லை, இப்போது அவர்களே வந்து கேட்கிறார்கள்.

தற்சமயம் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது மூக்குக்கண்ணாடியோடு. விறாந்தை வெளிச்சம் முழுவதும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கண்ணை மறைக்கும். கழற்றச் சொன்னால் முகமே மாறிவிடும். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியோடு பார்த்த மனிதரைக் கண்ணாடி இல்லாமல் கல்வெட்டில் போடுவது நியாயமில்லை. காதில் கிடக்கும் தண்டுகளை ஒரு விரற்கடை உயர்த்திவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சரியும், வெளிச்சம் கமராவுக்கு வராமல் தரைக்குப் போகும். போன கிழமை ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருக்கு இப்படி உயர்த்தி, நாடியைப் பதித்து, மூக்கின் நிழலைச் சரிபார்த்து, தோட்டத்தைப் பற்றிக் கேட்டு எல்லாம் முடித்தேன். எழும்பாமல் இருந்தார்.

"எடுத்தாச்சோ பிள்ளை?"

"ஓம் ஐயா."

"அப்ப மற்றப் பக்கத்தாலயும் ஒண்டு எடு. அந்தப் பக்கம்தான் நான் வடிவு."

கதிரையைத் திருப்பிப் போட்டேன்.